பள்ளத்தில் ஒரு பளபளப்பு

பானெட்டைத் திறந்தவர் ஸ்பேனரைத் தொடவில்லை. டார்ச் வாங்கி, குனிந்து, டைனமோ புல்லியின் பள்ளத்துக்குள் வெளிச்சம் அடித்தார். பள்ளத்தின் அடி கண்ணாடி போல மின்னியது. “இஞ்ச பாருங்கோ தம்பி, இதுதான் உங்கட காருக்கு வருத்தம்” என்றார். யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய்.

என்னுடையது 1986-ஆம் வருடத்து அம்பாசடர். ஒரே வருடத்தில் மூன்று ஃபேன் பெல்ட் தின்றிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கிறீச்சிடும், ஹெட்லைட் போட்டால் இன்னும் கத்தும். போன இடமெல்லாம் புது பெல்ட் போட்டு, முன்னைவிட இறுக்கி அனுப்பினார்கள். அன்று புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகிற வழியில், கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டருகே சார்ஜ் விளக்கு சிவந்தது. பூ விற்ற அம்மாள் கைகாட்டிய பக்கம் போனால், புங்க மரத்தடியில் இவருடைய பட்டறை.

கீழ்புத்துப்பட்டில் ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் படகேறி வந்தவர் இவர். கை பழகியது ஆஸ்டின் கேம்பிரிட்ஜிலும் மோரிஸ் ஆக்ஸ்போர்டிலும். அவர் வாயில் ஆஸ்டின் ‘ஒஸ்ரின்’. அம்பாசடரே மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசைக் கார்தான், உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கையில் வேறு பேர் வாங்கிக்கொண்டது. என் காரின் 1489 சிசி இன்ஜினும் ஏ55 கேம்பிரிட்ஜின் இன்ஜினும் ஒரே குடும்பம். ஊரையும் வீட்டையும் விட்டு வந்தவருக்கு, இந்தக் கரையில் தெரிந்த முகமாக ஓர் இன்ஜின் இருந்திருக்கிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில் பெட்ரோல் சில சொட்டு விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் யாழ்ப்பாணம். புதுச் சாமான் கிடைக்காத ஊரில் தொழில் கற்றவர், பழைய சாமானை எறிவதற்கு முன் அதை முழுக்கப் படித்துவிடுகிறார். நான் ரசித்து எழுதுவது அந்தப் படிப்பைத்தான்.

கழற்றிய பெல்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வெயிலில் பிடித்து, ஜபமாலை உருட்டுவது போல விரல்களுக்கிடையில் நகர்த்தினார். குறுக்கு வெடிப்பு இருந்தால் சூட்டிலும் வயதிலும் ரப்பர் காய்ந்திருக்கிறது. ஒரு விளிம்பு மட்டும் நார் நாராகப் பிரிந்திருந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. உப்பிப் பிசுபிசுத்தால் எங்கோ ஆயில் சீல் கசிகிறது. என் பெல்ட்டில் இந்த மூன்றும் இல்லை. அடிப்பக்கம் மட்டும் தேய்ந்து வழவழவென்றிருந்தது. அதைப் பார்த்தபின் புல்லியின் மினுமினுப்பு எனக்கும் புரிந்தது.

வி பெல்ட்டின் சூட்சுமமே அதன் பக்கங்களில் இருக்கிறது. 1917-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் உருவாக்கிய வடிவம் இது. பள்ளத்துக்குள் ஆப்பு போல இறங்கி, இரண்டு சுவர்களையும் கவ்விக்கொண்டு ஓடுகிறது. இழுவை கூடக்கூடப் பிடி இறுகும். பெல்ட்டின் சரிவு 40 பாகை என்றால் புல்லியின் பள்ளம் அதைவிடச் சற்றுக் குறுகல். வளையும்போது பெல்ட்டின் உள்பக்கம் பிதுங்குவதால் அந்தக் கணக்கு. அடித்தளத்தை அது தொடவே கூடாது. தொட்டால் ஆப்பு போய்விட்டது, வழுக்கல்தான். என் புல்லியின் சுவர்களை உப்புக்காற்றின் துருவும், துரு உரசிய உரசலும் அரித்துக் குழித்திருந்தன. மரக்காணத்து உப்பளக் காற்றுக்கு இரும்பு என்றால் அவ்வளவு இஷ்டம். புது பெல்ட் எதைப் போட்டாலும் சில நாளில் அடியில் போய் உட்காரும். இறுக்க இறுக்க டைனமோ பேரிங்தான் கெடும். மூன்று பட்டறைகள் பெல்ட்டைப் பார்த்தன, இவர் பெல்ட் உட்காரும் இடத்தைப் பார்த்தார்.

அம்பாசடர் 2014-இல் நின்றுபோனாலும் அதன் ஃபேன் பெல்ட்டுக்குப் பஞ்சமில்லை. அகலமும் நீளமும் பொருந்தினால் போதும், வண்டியின் பேர் தேவையில்லை. மதுரைக் கோச்சடையில் தயாராகும் ஃபென்னர் பெல்ட்டைக் கேட்டுப் பழகிய கடைகள் தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் உண்டு. புல்லி அப்படியில்லை. அதற்குச் சென்னைப் புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டும்.

போகுமுன் எனக்கு ஒரு பாடம் நடந்தது. பள்ளத்தின் சுவரில் நகத்தை மேலிருந்து கீழே இழு. நகம் எங்கும் இறங்கி ஏறக் கூடாது. புது பெல்ட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பள்ளத்தில் வைத்துப் பார். முதுகு புல்லியின் விளிம்போடு ஏறக்குறையச் சமமாக நிற்க வேண்டும், கீழே வெளிச்சம் தெரிய வேண்டும். பெயின்ட் அடித்ததை வாங்காதே. புதுப்பேட்டைச் சந்தில், பிரித்துப்போட்ட கார்களின் குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்து, பதினொரு புல்லிகளை நகத்தால் தடவினேன். பன்னிரண்டாவது, மேலெல்லாம் அழுக்கு, உள்ளே சுவர் நேர். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! ராகம் பிடிபட்ட கணம் போல என்று சொன்னால் இசைக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

புல்லியோடு பட்டறைக்குத் திரும்பினேன். மாட்டும் வேலையை அருகில் நின்று பார்க்க வேண்டும். முதலில் உப்புத்தாளால் மற்ற இரண்டு புல்லிகளின் பள்ளத்தையும் தேய்த்துத் துடைத்தார். டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை இன்ஜின் பக்கம் முழுசாகச் சாய்த்தார். பிறகு பெல்ட்டை விசிறியின் இறக்கை ஒவ்வொன்றாகத் தாண்ட வைத்து, கிராங்க் புல்லியிலும் டைனமோவிலும் கையாலேயே ஏற்றினார். அவசரக்காரர்கள் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றுவார்கள். வெளியே ஒரு கீறலும் தெரியாது, உள்ளே இழுவை தாங்கும் நூல்கள் அறுந்திருக்கும். பின்பு புல்லிகளின் முகத்தில் சணல் கயிற்றை இழுத்து, கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பது போல நேர் பார்த்தார். மரக்கட்டையால் டைனமோவை வெளியே தள்ளிப் பிடித்து லிங்க் போல்ட்டை இறுக்கினார். நீண்ட பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அரை அங்குலம் இறங்கியது. அளவுகோல் எதுவும் எடுக்கவில்லை, விரல் அதை அறிந்திருந்தது.

பக்கத்தில் ஒரு மாருதி 800 டைமிங் பெல்ட்டுக்காக நின்றது. அது பல் வைத்த பெல்ட், வேறு சாதி. 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில் வந்த ஏற்பாடு. கிராங்க் இரண்டு சுற்று சுற்ற கேம் ஒரு சுற்று. ஒரு பல் தவறினாலும் இன்ஜினின் மூச்சு தாளம் தப்பிவிடும். கிராங்க், கேம் புல்லிகளின் அடையாளப் புள்ளிகளைச் சேர்த்து மாட்டியபின், ஸ்பேனரைப் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, புள்ளிகள் மறுபடி சேர்கின்றனவா என்று பார்த்த பிறகே சாவியைத் தொட்டார். இருந்தாலும் என் மனம் அம்பாசடரின் பெல்ட்டிலேயே நிற்கிறது. பல் வைத்த பெல்ட்டுக்குப் புள்ளி இருக்கிறது, வி பெல்ட்டுக்குக் கட்டைவிரல்தான்.

“புது பெல்ற் கொஞ்சம் இழுபடும். பத்து நாளில திரும்ப வாங்கோ” என்றார். போனேன். கட்டைவிரல் இந்த முறை சற்று அதிகமாகவே இறங்கியது. லிங்க் போல்ட்டைத் தளர்த்தி, டைனமோவை ஒரு நூல் வெளியே தள்ளி, இறுக்கினார். பிறகு பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். போட்டேன். இன்ஜின் பக்கம் காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். விசிறியின் காற்று மட்டும் கேட்டது.