கத்திக்கு முன் ஊசி

மாத்தளையில், ரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டமொன்றில், பிள்ளைக்குப் பால் மறக்கடித்து இரண்டு வருடமான தாய்க்கு மார்பில் கட்டி வந்தால், லயத்தில் முதலில் சொல்வது ‘பால் கட்டு’. மருந்தகத்தில் அன்டிபயோட்டிக் கிடைக்கும். கரையாவிட்டால் கீறிச் சீழ் எடுப்பார்கள். சாதாரணச் சீழ்க்கட்டி இவ்வகை வைத்தியத்தில் ஆறிவிடும். ஆனால் கிரானுலோமட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்ற அரிய அழற்சியில் கீறிய புண் பலவேளை மூடாது, மாதக்கணக்கில் கசியும்.

1972இல் கெஸ்லரும் வோலொக்கும் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். காரணம் இன்றும் தெளிவில்லை. பிள்ளை பெற்ற சில ஆண்டுகளுக்குள் வருவதே அதிகம். தொட்டுப் பார்த்தாலும் ஸ்கேனில் பார்த்தாலும் பலவேளை புற்றுநோய் போலவே தெரியும். அதனால் தடித்த ஊசியால் சதை எடுக்கும் பயொப்சிதான் இங்கே முதல் படியாக வேண்டும். கத்தி முந்திக்கொள்வதே இந்த வைத்தியத்தின் பெரிய பிழை என்பேன்.

பயொப்சியும் முழு விடை தராது. கிரானுலோமா, அதாவது அழற்சிக் கலங்களின் திரள், தெரிந்தால் காசநோயாகவும் இருக்கலாம். நிறமேற்றிப் பார்த்துக் கிருமி காணவில்லை என்பதால் காசம் இல்லையென்று ஆகாது. கிரானுலோமா இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுப்பதும் முறையல்ல. சில நோயாளிகளில் காணப்படும் கொரினிபக்டீரியம் கிருமிக்குக் கொழுப்பு வேண்டும், மெதுவாகத்தான் வளரும். வழமையான வளர்ப்புச் சோதனை ‘கிருமி இல்லை’ என்று சீக்கிரம் சொல்லிவிடும். எந்தக் கிருமியைச் சந்தேகிக்கிறோம் என்று ஆய்வுகூடத்துக்கு எழுதி அனுப்பினால், வளர்ப்புத் தட்டைக் கூடுதல் நாள் வைத்துப் பார்ப்பார்கள்.

ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் இந்த நோய்க்கு 1980 முதல் பேசப்படும் மருந்து. வீக்கத்தையும் வலியையும் அது வேகமாகத் தணிப்பதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அளவைக் குறைக்கையில் நோய் திரும்புவதுண்டு. சீனி ஏறலாம்; மறைந்திருக்கும் காசம் கிளம்பலாம். மெதொட்ரெக்சேட் ஸ்டீரொய்ட்டின் அளவைக் குறைக்க உதவும். எனினும் அதை எடுக்கும் காலத்தில் கருத்தரிக்கவே கூடாது. ஈரலுக்கான இரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும். நோய் லேசாக இருந்தால், பலருக்கு ஓரிரண்டு வருடத்தில் தானாகவே அடங்கும். அகலமாக வெட்டி எடுத்தால் மார்பின் வடிவம் கெடும். பிறகும் நோய் திரும்பலாம். ஆகவே வெட்டுவதைக் கடைசிக்கே வைக்க வேண்டும்.

பொறுத்திருந்து பார்ப்பதற்கும் தொடர்ந்து வர வேண்டுமே. சிகிச்சை இலவசம்தான். ஆனால் மாத்தளைக்கோ கண்டிக்கோ கிளினிக் போகும் ஒவ்வொரு நாளும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. பெண்களைப் பரிசோதிக்க 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக் நல்ல ஏற்பாடு. ஆனால் அது 35 வயதிலிருந்து பார்க்கிறது. இந்த நோய் அதற்கு முன்பே வந்துவிடக்கூடியது. அந்த இளம் தாயை வீடு தேடி வந்து காண்பவர் குடும்பநல உத்தியோகத்தர். ஒரு முறை அன்டிபயோட்டிக் முடித்தும் கரையாத கட்டியை உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயொப்சி முடிவின் பிரதியும், ஸ்டீரொய்ட் மாத்திரையைத் திடீரென நிறுத்தக்கூடாது என்ற வரியும், தமிழில், அவளுடைய கிளினிக் கொப்பியிலேயே இருக்க வேண்டும்.