விதியில் முளைக்கும் காடு

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் சுரபுன்னையின் ஊன்றுவேர்களைக் கண்டவர்க்கு, கணினித் திரையில் மரம் வளர்க்கும் கலையின் குறை எளிதில் விளங்கும். உயிர்களின் வளர்ச்சியைச் சில விதிகளின் தொடர்ச்சியாக எழுதலாம் என்று 1968இல் உயிரியலாளர் லிண்டன்மேயர் காட்டினார். அவரும் புருசின்கீவிச்சும் எழுதி 1990இல் வெளிவந்த ‘தி அல்கோரித்மிக் பியூட்டி ஆஃப் பிளான்ட்ஸ்’ அவ்விதிகளைக் கண்கவர் செடிகளாக்கிற்று. எனினும் அச்செடிகள் பெரும்பாலும் தம் உள்விதியை மட்டுமே அறிந்தவை. 1996இல் மெக்கும் புருசின்கீவிச்சும் சூழலுக்கேற்ப வளரும் செடிகளைப் படைத்து இக்குறையை ஓரளவு நீக்கினர்.

2004 ஆழிப்பேரலையின்போது கடலூர் மாவட்டத்து அலையாத்திக் காடுகள் தமக்குப் பின்னிருந்த ஊர்களைக் காத்தன என்று 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு கூறியது. அத்தகைய காட்டைத் திரையில் எழுப்புவோர் ஓதத்தையும் சேற்றையும் விதிகளுள் சேர்த்தாக வேண்டும் என்பதே நம் கருத்து. அவையின்றி எழும் காடு கண்ணை நிறைக்கும்; கரையைக் காக்கும் காட்டைப் பற்றி நமக்கு எதுவும் கற்பிக்காது.