நீலம் மஞ்சளாகும் நேரம்

தெர்மாக்கோல் பெட்டியைப் பார்த்தால் உள்ளே குறைந்தது ஒரு மிக்ஸியாவது இருக்கும் என்று தோன்றும். டிரை ஐஸைக் கிளறித் துழாவினால் அகப்படுவது நாலைந்து சொட்டுத் திரவம் உறைந்து கிடக்கும் ஒரு குட்டி டியூப். மனிதக் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2, 100 மைக்ரோகிராம். ஆய்வுக்கு மட்டும், மருந்தாகாது என்று லேபிளில் எச்சரிக்கை.

ரத்தச் சிவப்பணுக்களில் கரியமில வாயுவைத் தண்ணீரோடு சேர்த்து பைகார்பனேட்டாக மாற்றுவது இந்த நொதிதான். ஒரே மூலக்கூறு நொடிக்குச் சுமார் 10 லட்சம் முறை இதைச் செய்யும். நான் வாங்கிய சரக்கு மனித ரத்தத்தைப் பார்த்ததே இல்லை. மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அங்கே விளைவித்துச் சுத்தம் செய்தது. 260 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். சர்க்கரைச் சங்கிலியோ டைசல்ஃபைடு முடிச்சோ கிடையாது. அதனால் பாக்டீரியாவே போதும். நடுவில் மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்து நிறுத்தியிருக்கும் ஒரு துத்தநாக அயனி. வேலை நடப்பது அங்கேதான்.

உருகியதும் ஆர்வத்தில் அப்படியே மூடியைத் திறந்துவிட்டேன். சென்ட்ரிஃபியூஜில் சில நொடி சுற்றிவிட்டுத் திறக்க வேண்டும் என்பது தெரியாததல்ல. மூடியில் ஒட்டியிருந்த துளி கையுறைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஜெல்லில் ஓட்டிப் பார்த்ததில் 29 கிலோடால்டனுக்குச் சற்று மேலே ஒரே பட்டை. அந்தக் கூடுதல், சுத்திகரிப்புக்காக வாலில் கட்டிய ஆறு ஹிஸ்டிடின்களின் எடை. தூய்மையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை, கூட வந்த தாளில். பாரா நைட்ரோஃபீனைல் அசிடேட்டை உடைக்கும் வேகத்தை மட்டும் அளந்து போட்டிருக்கிறார்கள். இந்த நொதிக்கு அது பக்கவேலை. சமையல்காரரை வெங்காயம் நறுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சம்பளம் பேசுவது போல. உண்மையான வேலையைப் பார்க்க வில்பரும் ஆண்டர்சனும் 1948இல் சொன்ன முறை இருக்கிறது. அதற்கு வேண்டிய கரியமில வாயு பெட்டியிலேயே மிச்சமிருந்தது. டிரை ஐஸ் துண்டுகளை ஐஸ் தண்ணீரில் போட்டுக் குமிழவிட்டேன். பிஹெச் 8.3 டிரிஸ் பஃபரில், வினையில் பிறக்கும் அமிலத்தால் நிறம் மாறும் புரோமோதைமால் ப்ளூ கலந்து இரண்டு குழாய்களை ஐஸில் நட்டேன். குளிர் அவசியம், இல்லாவிட்டால் நொதி இல்லாமலே வினை ஓடிவிடும்.

முதல் குழாயில் நொதி இல்லை. வாயு கரைந்த நீரை ஊற்றினேன். நீலம் பச்சையாகி, பச்சை தயங்கித் தயங்கி மஞ்சளாக ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. இரண்டாவதில் 2 மைக்ரோகிராம் நொதி. பத்து எண்ணுவதற்குள் மஞ்சள். அடுத்து, புதிதாகக் கலந்த குழாயில் நொதியோடு, கண் அழுத்த நோய்க்குத் தரும் அசிட்டசோலமைடைச் சிறிது சேர்த்தேன். அது துத்தநாகத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டது. பழையபடி ஆமை வேகம்.

மாணவர்களுக்குச் செய்து காட்ட இவ்வளவு செலவு வேண்டாம். மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த நொதி மலிவு, இதே நிறமாற்றத்தைக் காட்டும். மருந்து மூலக்கூறு மனித நொதியில் எப்படி ஒட்டுகிறது என்று அளப்பவர்கள் மட்டும் இதை வாங்கலாம்.

மீதியை 10 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து மைனஸ் 70 டிகிரியில் வைத்திருக்கிறேன். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் வீணாகும். மூடியோடு போன துளி இருந்திருந்தால் இன்னொரு டியூப் தேறியிருக்கும்.