தொட்டுப் பார்த்தால் போதுமா?

தட்டில் பப்பாளித் துண்டைக் கண்டதுமே நாற்காலியை விட்டு இறங்கி ஓடுகிற பிள்ளையை எப்படிச் சாப்பிட வைப்பது? பயிற்சி மையங்களில் இன்று பரவலாகச் சொல்லப்படும் பதில்: சாப்பிடச் சொல்லாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் கே டூமி வகுத்த 'எஸ்.ஓ.எஸ்.' முறை இவ்வகையில் பேர்பெற்றது. உணவு இருக்கிற அறையில் உட்கார்ந்திருப்பதில் தொடங்கி, கரண்டியால் நகர்த்துவது, முகர்வது, விரலால் தொடுவது, நாக்கில் வைப்பது, மென்று விழுங்குவது என்று அது 32 படிகளாக ஏறுகிறது. எந்தப் படியிலும் பிள்ளை நின்றுகொள்ளலாம், இறங்கவும் செய்யலாம்.

இந்த முறையின் பெரிய பலம், பிடிவாதம் என்று நாம் நினைப்பதைப் பயமாகப் பார்ப்பது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு வாழைப்பழத்தின் வழுவழுப்பே ஓங்கரிப்பை வரவழைத்துவிடும். ஒருமுறை தொண்டையில் சிக்கி மூச்சு முட்டிய பிள்ளை, கெட்டியாக எது வந்தாலும் வாயை இறுக மூடிக்கொள்ளும். அதன் வாயைப் பிடித்துத் திணித்தால் பயம் உறுதிப்படுமே தவிரக் குறையாது. சாதாரணப் பிள்ளைகளிடமே வற்புறுத்தல் எடுபடுவதில்லை. மழலையர் வயதுப் பிள்ளைகளுக்குச் சூப் கொடுத்து 2006இல் அமெரிக்காவில் செய்த ஆய்வில், 'குடித்து முடி' என்று சொல்லப்பட்டபோது அவர்கள் குறைவாகவே குடித்தார்கள். அந்தச் சூப்பைப் பற்றிக் குறையும் அதிகம் சொன்னார்கள்.

நம் வீடுகளில் பூச்சாண்டியின் வேலையை இப்போது மொபைல் பார்க்கிறது. கார்ட்டூன் ஓட ஓட வாய் தானாகத் திறக்கிறது, பருப்புச் சாதம் உள்ளே போகிறது. ஆனால் என்ன சாப்பிட்டோம் என்பதே பிள்ளைக்குத் தெரியாது. போனை எடுத்துவிட்டால் பழைய கதைதான். பாதிச் சோற்றைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இதோடு ஒப்பிட்டால், ஒரு பட்டாணியை விரலால் நசுக்கிப் பார்க்கிற பிள்ளை உணவோடு உண்மையாகவே பழகுகிறது.

'சோத்துல விளையாடாதே' என்று பாட்டி அதட்டுவது நியாயமா என்றால், பாதி நியாயம் என்பேன். உணவை இறைப்பது கண்ணை உறுத்தத்தான் செய்யும். ஆனால் தொடுவதும் முகர்வதும் தட்டில்தான் நடக்க வேண்டும் என்று யார் சொன்னது? முருங்கைக்கீரையை உருவச் சொல்லலாம், பட்டாணி உரிக்கச் சொல்லலாம், வெண்டைக்காயை எண்ணி எடுத்துத் தரச் சொல்லலாம். கீரை ஆயும் முறத்தின் அருகில் உட்காருகிற பிள்ளை, சாப்பிட வேண்டும் என்ற மிரட்டல் இல்லாமல் பல படிகளைக் கடந்துவிடுகிறது. பாட்டியும் பயிற்சியில் சேர்ந்துவிடுகிறார்.

முறையை அப்படியே இறக்குமதி செய்வதில் வேறொரு சிக்கல் உண்டு. தட்டில் தனித்தனியாக வைக்கிற உணவுக்கு ஏற்றவை இந்தப் படிகள். நம் சாப்பாடு பிசைந்த சாப்பாடு. சாம்பார் சாதத்தில் இன்றைக்குக் கத்திரிக்காய் விதை, நாளைக்கு முருங்கைக்காய் நார். நடுவே நாக்கில் ஒட்டும் கறிவேப்பிலை. ஒரே கம்பெனி பிஸ்கட்டை மட்டும் தின்னும் பிள்ளைக்குப் பிடித்தது அதன் ருசி மட்டுமல்ல, எந்தத் துண்டும் ஏமாற்றாது என்ற நம்பிக்கையும்தான். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பிசையாமல் பிரித்து வைப்பது நல்லது. ஏற்கெனவே சாப்பிடும் உணவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதும் உதவும்: வெறும் இட்லி, பிறகு ரவா இட்லி, பிறகு கேரட் துருவல் தெரிகிற இட்லி. துருவலைத் தெரியாமல் ஒளித்து வைத்தால், கண்டுபிடித்த அன்றே இட்லியும் கைவிட்டுப் போகும்.

இனி, இம்முறையின் ஆதரவாளர்கள் அதிகம் பேசாத இடம். அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச் குழுவினர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், புதிய பழங்களைப் பார்த்துப் பழகிய குழந்தைகளுக்கு அவற்றின் தோற்றம்தான் பிடித்துப்போனது. ருசி பிடிப்பதற்கு ருசித்துப் பார்க்கவே வேண்டியிருந்தது. அதாவது கீழ்ப்படிகள் தேவைதான். ஆனால் அங்கேயே தங்கிவிட்டால் உணவு பிடிக்காது. ஆட்டிசம் உள்ள 6 பிள்ளைகளிடம் எஸ்.ஓ.எஸ். முறையின் மாற்றிய வடிவத்தையும், பரிசு போன்றவற்றால் பழக்கும் நடத்தைப் பயிற்சியையும் ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வில், நடத்தைப் பயிற்சியே பிள்ளைகளைச் சாப்பிட வைத்தது. நடத்தைப் பயிற்சித் துறையினரே செய்த சிறிய ஆய்வு என்பதால் அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. அத்துறையின் கையிருப்பில், பிள்ளை வாங்கிக்கொள்ளும்வரை கரண்டியை உதட்டருகிலிருந்து எடுக்காத உத்தியும் இருக்கிறது. பிள்ளை அழ அழ அதைச் செய்ய எத்தனை பெற்றோருக்கு மனம் வரும்? எனக்கு அது உவப்பில்லை. அதற்காக, தொட்டுப் பழகினால் மட்டும் போதுமா என்று அந்த ஆய்வு எழுப்பும் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

பசியையும் மறந்துவிடக் கூடாது. நாள் முழுக்கப் பாலும் பிஸ்கட்டும் உள்ளே போன பிள்ளை எந்தப் படியிலும் ஏறாது. எதை, எப்போது, எங்கே தருவது என்பது பெற்றோர் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு என்று அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் வகுத்த பாகப்பிரிவினை இதற்குக் கைகொடுக்கும். ஆனால் 'பசித்தால் தானாகச் சாப்பிடும்' என்று அதை நீட்டிவிடக் கூடாது. உணவைத் தவிர்க்கும் கோளாறு ஒன்று 2013இலேயே அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலில் தனி நோயாக இடம்பெற்றுவிட்டது. அது உள்ள பிள்ளைகளில் சிலர் பட்டினி கிடந்தும் தொடமாட்டார்கள். எடை இறங்குகிற, விழுங்கும்போது இருமுகிற, கடும் மலச்சிக்கல் உள்ள பிள்ளையை முதலில் குழந்தை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

மையங்கள் கொடுக்கும் செஷன் குறிப்பேட்டில் 'கேரட்டைத் தொட்டான்', 'முகர்ந்தான்' என்று வாராவாரம் எழுதித் தருகிறார்கள். பெற்றோரும் மகிழ்ந்து கட்டணத்தைக் கட்டுகிறார்கள். அதே பக்கத்தில் இன்னும் இரண்டு பத்திகள் வேண்டும்: இந்த மாதம் புதிதாக விழுங்கிய உணவுகள் எவை, எடை எவ்வளவு. மாதக்கணக்கில் அந்தப் பத்திகள் காலியாகவே கிடந்தால், முறையை மாற்றச் சொல்லும் உரிமை கட்டணம் கட்டுகிறவருக்கு உண்டு.