வினாவும் விமர்சனமும்: வன்னி நாவல்களை முன்வைத்துச் சில சிந்தனைகள்

வினாக்களை அறுவகையாகப் பகுத்த நன்னூலார் அறிவினாவை முதலில் வைத்தார். விடையை முன்னரே அறிந்தவர் பிறரது அறிவை அளப்பதற்காக வினவுவது அது. அறியா வினாவோ உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் வேட்கையிற் பிறப்பது. நமது இலக்கிய விமர்சனத்தில் முன்னையது மலிந்தும் பின்னையது அருகியும் காணப்படுகின்றது.

வன்னியைக் களமாகக் கொண்ட நாவல்கள் இதற்குத் தக்க சான்று. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. அதனை நோக்கிப் பெரிதும் எழுப்பப்பட்ட வினா, அதில் மண்வாசனை உண்டா என்பதே. உண்டு என்பதைக் கேட்டவரும் அறிவர். (மண்வாசனை என்பது பெரும்பாலும் நகரத்து மூக்கு நாட்டுப்புறத்திற் கண்டுபிடிக்கும் பொருள்.) தண்ணிமுறிப்புக் காட்டை ஆசிரியர் தீட்டிய நேர்த்தி மறுக்கவியலாதது. ஆயினும், வெளியிலிருந்து அங்கு வந்து சேரும் பள்ளி ஆசிரியர் எச்சமூக உறவுகளைத் தம்முடன் கொணர்கின்றார், காட்டை வெட்டியவனுக்கும் காணிக்குமுள்ள உறவு யாது என்பன போன்ற வினாக்கள் போதியளவு எழுப்பப்படவில்லை.

1880இல் பிரெஞ்சுத் தொழிலாளருக்கென மார்க்ஸ் ஏறத்தாழ நூறு வினாக்களைத் தயாரித்தார். நீங்கள் சுரண்டப்படுகின்றீர்களா என்று அவர் கேட்கவில்லை. வேலைநேரம், கூலி கொடுபடும் முறை, தொழிற்கூடத்தின் காற்றோட்டம் என நுணுகி நுணுகிக் கேட்டார். கிடைத்த விடைகள் சிலவே. எனினும், விடைகூறத் தக்கவர் தொழிலாளியே என்ற நிலைப்பாடு அவ்வினாக்களின் அமைப்பிலேயே உண்டு.

இம்முறையைப் பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள விசுவமடுவுக்குப் பொருத்திப் பார்ப்போம். படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தால் அறியப்பட்ட ஊர் இது. 1970–77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலையைத் தந்தது. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் அதனைச் சரித்தது. இவ்வெழுச்சியையும் வீழ்ச்சியையும் வாலிபரின் விடாமுயற்சிக் கதையாக மட்டும் படிப்போமாயின், தோட்டத்திற் களை பிடுங்கியவர் மறைந்துவிடுவர். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களில் எத்தனைக்குக் காணி உறுதி கிடைத்தது? நாட்கூலியை நிர்ணயித்தவர் யார்? பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலியா?

இவை சமூகவியலாளரின் வினாக்கள், இலக்கியத்துக்குப் புறம்பானவை என நண்பர் சிலர் கூறுவர். ஒரு கதையில் கூலிப் பெண்ணுக்குப் பெயருண்டா, அவள் பேசுகின்றாளா, தோட்டக்காரரின் வீட்டில் எதுவரை வருகின்றாள் என்பவை பாத்திரவார்ப்புப் பற்றிய வினாக்களன்றி வேறென்ன?

2009 சனவரியில் விசுவமடு மக்கள் இடம்பெயர்ந்து கிழக்கு நோக்கிச் சென்றனர். அதன்பின் எழுந்த போர்க்கால எழுத்துக்களிடமும் துயரம் பதிவாகியுள்ளதா என்ற அறிவினாவே மீண்டும் கேட்கப்படுகின்றது. மீளக் குடியமர்ந்தபோது உறுதி வைத்திருந்தவர் காணிக்கு உரிமை கோரலாம். அதே மண்ணில் முப்பதாண்டு கூலிசெய்தவர் எந்தத் தாளைக் காட்டுவார்? இவ்வினாவுடன் அந்நாவல்களை வாசிக்கும் ஆய்வு இனித்தான் தொடங்கப்பட வேண்டும்.