சூப்பர் மாரியோ பிரதர்ஸ்: முதல் நிலையின் வடிவமைப்பு

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்பது ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் தனது ஃபேமிகாம் கன்சோலுக்காக 1985 செப்டம்பர் 13 அன்று வெளியிட்ட நிகழ்பட ஆட்டம் ஆகும். சிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் இதனை வடிவமைத்தனர். கோஜி கோண்டோ இசையமைத்தார். எட்டு உலகங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு நிலைகள் என மொத்தம் 32 நிலைகள் கொண்ட இந்த ஆட்டம் வெறும் 40 கிலோபைட் அளவுக்குள் அடங்கியது. இட நெருக்கடி காரணமாக வானத்து மேகத்திற்கும் தரையிலுள்ள புதருக்கும் ஒரே உருவமே நிறம் மாற்றிப் பயன்படுத்தப்பட்டது.

கன்சோல் ஆட்ட ஆர்வலர் பலரிடம் ஒரு கருத்து வேரூன்றி இருக்கிறது. பழைய ஆட்டங்கள் ஆடுபவரைக் கைபிடித்து அழைத்துச் செல்லவில்லை. அவரே விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார். ஆகவே அவை இன்றைய ஆட்டங்களைவிட மேலானவை என்பது அக்கருத்து. அதற்கு முதற்சான்றாகக் காட்டப்படுவது இந்த ஆட்டத்தின் முதல் நிலை. அச்சான்று உண்மையில் எதை மெய்ப்பிக்கிறது என்பதைப் பார்ப்போம்.

முதல் நிலை கற்பிக்கும் முறை

ஆட்டம் தொடங்கும்போது மாரியோ திரையின் இடப்பக்கத்தில் வலப்புறம் நோக்கி நிற்கிறான். அவனுக்கு முன்னால் வெற்றிடம். இடப்பக்கம் நகர்ந்தால் திரையின் விளிம்பு தடுக்கிறது. எனவே போகவேண்டிய திசை எது என்று எவரும் சொல்லத் தேவையில்லை.

சற்று நடந்ததும் மின்னும் கேள்விக்குறிப் பெட்டி ஒன்று தலைக்கு மேலே தென்படுகிறது. எதிரே கூம்பா என்னும் சிறிய எதிரி மெதுவாக நடந்து வருகிறது. ஒன்றும் செய்யாமல் நின்றால் அது மோதி மாரியோ ஓர் உயிரை இழப்பான். ஆனால் இழப்பு அற்பமானது. நிலை மீண்டும் தொடங்கிச் சில நொடிகளில் அதே இடத்திற்கு வந்துவிடலாம். இரண்டாம் முறை ஆடுபவர் தாவுகிறார். தாண்டினால் தப்பிக்கிறார், தவறி அதன் தலைமேல் விழுந்தால் அது நசுங்குவதைக் காண்கிறார். தாவுதல் என்ற ஒரே செயலுக்கு இரண்டு பயன்கள் உண்டு என்பது இவ்வாறு விளங்குகிறது.

அடுத்த பாடம் காளான். பெட்டியை முட்டியதும் வெளிவரும் காளான் வலப்புறம் நகர்ந்து, கீழே விழுந்து, குழாயில் மோதித் திரும்பி மாரியோவை நோக்கியே வருகிறது. கூம்பாவைப் பார்த்து அஞ்சியவர் இதையும் எதிரி என்று எண்ணித் தாவ முயலலாம். ஆனால் மேலே செங்கல் வரிசை இருப்பதால், தாவினாலும் தலை முட்டிக் காளான் மீதே விழ நேரிடும். மாரியோ பெரியவனாகிறான். நல்ல பொருளைத் தொடும்படி ஆடுபவரைத் தூண்டுவது அந்த இடத்தின் அமைப்பே.

பின்னர் வரும் குழாய்கள் படிப்படியாக உயரம் கூடுகின்றன. பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் உயரமாகத் தாவலாம் என்பது அங்கே பழகிப்போகிறது. நிலையின் பிற்பகுதியில் எதிரெதிரே அமைந்த இரண்டு படிக்கட்டுகள் வருகின்றன. அவற்றின் நடுவே இருப்பது வெறும் தரை. தவறி விழுந்தாலும் கேடில்லை. உடனே அதே போன்ற இன்னொரு படிக்கட்டு இணை வருகிறது. இம்முறை நடுவில் பள்ளம். முன்னது ஒத்திகை, பின்னது தேர்வு. நல்ல பாடத்திட்டம் ஒன்றின் ஒழுங்கை இங்கே காணலாம்.

ஒரு திருத்தமும் இங்கே தேவை. இந்த ஆட்டம் ஒரு சொல்கூட இல்லாமல் கற்பித்தது என்று சிலர் கூறுவது முழு உண்மை அன்று. பொத்தான்களின் பயனை விளக்கும் அச்சிட்ட கையேடு ஆட்டத்துடன் வழங்கப்பட்டது. கையேட்டைப் பிரிக்காதவரும் ஆட முடிந்தது என்பதே இதன் சிறப்பு.

ஆட்டம் தன் முறையிலிருந்து விலகும் இடங்கள்

இதே ஆட்டத்தின் 4-4, 7-4, 8-4 ஆகிய நிலைகள் சுழல்வழிக் கோட்டைகள். சரியான பாதையில் செல்லாவிட்டால் கடந்துவந்த பகுதியே மீண்டும் மீண்டும் வருகிறது. எந்தப் பாதை சரி என்பதற்குத் தெளிவான குறிப்பு இல்லை. நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் வசதியும் இல்லை. முதல் நிலையில் தவறு செய்தவருக்குத் தன் தவறு எதுவென்று தெரிந்தது. இங்கே தவறு செய்தவருக்கு மிஞ்சுவது களைப்பு மட்டுமே.

1986 இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2 இன்னும் ஒரு படி மேலே சென்றது. இது முதல் ஆட்டத்தில் தேர்ந்தவர்களுக்கென்றே உருவாக்கப்பட்டது. இதன் முதல் நிலையிலேயே நஞ்சுக் காளான் வருகிறது. காளான் நல்லது என்று முதல் ஆட்டம் கற்பித்ததை நம்பித் தொட்டவர் தண்டிக்கப்படுகிறார். பின்னோக்கி இழுத்துச் செல்லும் தாவுதளங்களும் உண்டு. முன்னேறப் போகிறோம் என்று நம்பிக் குழாயில் இறங்கியவர் முந்தைய உலகத்தில் போய் நிற்பார். தேர்ந்தவர்களுக்கு இது சுவையான குறும்பாக இருக்கலாம். புதியவருக்கு இது வாக்குத் தவறுதல். அமெரிக்காவில் அப்போது இந்த ஆட்டம் வெளியிடப்படவில்லை. 1988 இல் அதே பெயரில் முற்றிலும் வேறோர் ஆட்டமே அங்கு வந்தது.

ஓராண்டு இடைவெளி, அதே நிறுவனம், அதே வடிவமைப்பாளர் தெசுகா. ஆகவே பழமை தன்னளவில் நல்ல வடிவமைப்புக்குச் சான்றாகாது.

பிற்கால ஆட்டங்களில் இதே சிக்கல்

எதிர்த்திசையில் நேர்ந்த பிழைக்கு எடுத்துக்காட்டு 2011 இல் வீ கன்சோலில் வெளிவந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஸ்கைவேர்ட் சுவார்டு'. அதில் நாயகனுடன் வரும் ஃபீ என்னும் துணைப்பாத்திரம் அடிக்கடி ஆட்டத்தை நிறுத்திப் பேசுகிறது. வேறொரு பாத்திரம் சற்றுமுன் சொன்னதையே திரும்பச் சொல்கிறது. கையிலுள்ள கருவியின் மின்கலம் குறைந்திருப்பதைக்கூட நினைவூட்டுகிறது. சிந்திக்க இடம் கொடுக்காமல் விடையைச் சொல்லிவிடும் ஆசிரியரைப் போன்றது இது. 2021 இல் ஸ்விட்ச் கன்சோலுக்காக மீண்டும் வெளியிடப்பட்டபோது ஃபீயின் குறுக்கீடுகள் பெருமளவு குறைக்கப்பட்டன. நிறுவனமே குறையை உணர்ந்ததாக இதைக் கொள்ளலாம்.

அந்த ஆட்டத்தை இயக்கிய ஹிதேமாரோ ஃபுஜிபயாஷியே 2017 இல் வெளிவந்த 'பிரெத் ஆஃப் த வைல்ட்' ஆட்டத்தையும் இயக்கினார். இதன் தொடக்கப் பகுதி செங்குத்தான விளிம்புகள் கொண்ட ஒரு பீடபூமி. பறப்பதற்கான துணிப்பாய் கிடைக்கும்வரை அதைவிட்டு இறங்க வழியில்லை. ஆனால் பீடபூமிக்குள் எங்கும் போகலாம். பனி மூடிய பகுதிக்குள் நுழைந்தால் குளிரில் உயிர்நிலை சிறிது சிறிதாகக் குறைகிறது. உடனே சாவு நேர்வதில்லை. திரும்பி ஓட அவகாசம் உண்டு. தீப்பந்தம் ஏந்திச் செல்லலாம், மிளகாய் சேர்த்துச் சமைத்து உண்ணலாம், கம்பளி உடை தேடி அணியலாம். மூன்றும் சரியான விடைகளே. 1985 இன் இடது விளிம்பும் 2017 இன் பீடபூமி விளிம்பும் செய்வது ஒரே வேலை. எல்லையைப் பேசாமல் உணர்த்திவிட்டு, அதற்குள் ஆடுபவரின் அறிவை நம்புகின்றன.

மதிப்பீடு

மேற்கண்ட நான்கு ஆட்டங்களும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை. அவற்றில் இரண்டு பழையவை, இரண்டு புதியவை. ஒவ்வோர் இணையிலும் ஒன்று கற்பவரை மதித்தது; மற்றொன்று அந்த மதிப்பிலிருந்து வழுவியது. கன்சோலின் ஆற்றலோ காலமோ இதைத் தீர்மானிக்கவில்லை. ஆட்டம் கடினமானதா எளிதானதா என்பதும் தீர்மானிக்கவில்லை.

தாம் எளிதில் கற்ற ஆட்டம் எல்லோருக்கும் எளிது என்று பழைய ஆர்வலர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் முதன்முறை கருவியைக் கையிலெடுத்து, பத்தே நிமிடத்தில் 'இது எனக்கு வராது' என்று கீழே வைத்துவிட்ட ஒருவரின் குரல் அந்தப் பேச்சில் கேட்பதில்லை. வடிவமைப்பின் தரம் அவரை வைத்தே அளக்கப்பட வேண்டும்.

எனவே ஓர் ஆட்டத்தை மதிப்பிட விரும்பும் மாணவர் மூன்று வினாக்களைக் கேட்கலாம். தோற்றவருக்குத் தாம் ஏன் தோற்றோம் என்பது புரிகிறதா? மறுமுயற்சிக்கு அவர் கொடுக்கும் விலை நியாயமானதா? தொடக்கத்தில் கற்பித்த விதி இறுதிவரை மெய்யாக இருக்கிறதா? சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் நிலை இம்மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை தருகிறது. அதன் சுழல்வழிக் கோட்டைகளோ முதல் வினாவிலேயே தவறிவிடுகின்றன. ஓர் ஆட்டத்தை முழுமையாகப் போற்றுவதையும் முழுமையாகத் தள்ளுவதையும் விட, நிலை நிலையாக எடுத்து இவ்வாறு ஆராய்வதே பயனுடையது.