விரிப்பவள் உடுத்தாத பட்டு

காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதப் புகுவோர் கோயிலைச் சொல்வர், தறியைச் சொல்வர். காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றபடியே சேலை விரிக்கும் இளைஞரையும் பெண்களையும் சொல்வோர் அரியர். இந்தப் பாராமுகம் ஏன் என்பதை இரண்டு திரைப்படங்களைக் கொண்டு ஆராய விழைகிறோம்.

ஒன்று, பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்' (2008). சிறந்த படத்துக்கும், நடிகர் பிரகாஷ்ராஜுக்கும் தேசிய விருது பெற்றுத் தந்தது. தன் மகளைப் பட்டுடுத்தி மணமேடைக்கு அனுப்புவேன் என்று வாக்களித்த நெசவாளி வேங்கடம், அதற்காக வேலைத்தலத்துப் பட்டிழையை வாயில் ஒளித்துத் திருடுகிறான். நெய்து முடியாத அத்துணி இறுதியில் மகளின் சடலத்தைக் கூட முழுதாய் மூடவில்லை. நெய்பவனுக்கு எட்டாத பட்டு என்னும் கருத்தை இதனினும் கூர்மையாய்த் தமிழ்த்திரை சொன்னதில்லை.

மற்றொன்று, வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010). உரையாடல் ஜெயமோகன். களம் காஞ்சியன்று, சென்னைத் தியாகராய நகரின் ரங்கநாதன் தெரு. தெற்கேயுள்ள கிராமத்திலிருந்து வரும் லிங்கம், பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவன். ஆளில்லா ரயில் கடவையில் தந்தையைப் பறிகொடுத்ததால் பேரங்காடிக்கு வேலைக்கு வருகிறான். நெருக்கியடிக்கும் உணவுக்கூடம், கால் நீட்ட இடமில்லாத விடுதி, ஏச்சும் அடியும். நாம் பளபளப்பை மட்டுமே கண்டு திரும்பும் கடையின் பின்கட்டை இப்படம் திறந்து காட்டியது. அதற்காக நன்றி பாராட்டவே வேண்டும்.

ஆயினும் நமக்கு ஒரு குறை உண்டு. கொடுமை முழுவதையும் மேற்பார்வையாளன் கருங்காலியின் தலையில் படம் ஏற்றிவிடுகிறது. கருங்காலியை நீக்கிவிட்டால் கடை திருந்திவிடுமா? பல கிளைகள் கொண்ட நிறுவனத்தில், நல்லவர் ஒருவர் அதே இடத்தில் அமர்ந்தாலும் மாதாந்திர விற்பனை இலக்கு அவரையும் விரட்டும். அவர் பிறரை விரட்டுவார். கண்ணுக்குத் தெரியாத அந்த விரட்டலைக் காட்டுவது கடினம். வில்லனைக் காட்டுவது எளிது. படம் எளியதைத் தேர்ந்துகொண்டது.

அன்றியும், அவ்வேலையின் ஏற்றம் படத்தில் போதிய அளவு இல்லை. ஏற்றமா என்று வாசகர் வியக்கலாம். தறியில் இருப்பவனுக்குச் சேலை முடிந்தால்தான் கூலி. மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஊறினால் வேலை நின்றுபோகும். கடை ஊழியருக்கோ, சிறிதாயினும், மாதந்தோறும் சம்பளம். அந்த நிச்சயத்துக்காகவே தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கடைக்கும், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். இதைத் துரோகம் என்று நாம் பேசுவது நியாயமன்று.

விற்பனையும் ஒரு கலையே. மணப்பெண்ணின் கண் நிறத்தில் நிற்கும். தாயின் கண் விலைச்சீட்டில் நிற்கும். பாட்டியின் விரலோ ஜரிகையைத் தடவும். மூவரில் முடிவு யாருடையது என்பதை மூன்றாம் சேலை விரியுமுன் ஊழியர் கணித்தாக வேண்டும். கரையையும் உடலையும் தனித்தனி ஊடையால் கோத்த கோர்வை வேலையைச் சேலையைப் புரட்டிக் காட்டி விளக்க வேண்டும். முந்தானையைத் தன் தோளிலேயே சார்த்திக் காட்டுகிறாள் ஒரு பெண். நாளெல்லாம் அவள் தோளில் பட்டு ஏறி இறங்குகிறது, எதுவும் அவளுடையதன்று. வேங்கடத்தின் துயரம் இங்கே மேசைக்கு இப்பாலும் தொடர்வதை எந்தப் படைப்பாளரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று. “இது கைத்தறிதானா?” என்று வாடிக்கையாளர் கேட்கிறார். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து ஆண்டுகள் பல ஆகியும், விசைத்தறிச் சேலை அதே பெயரில் விற்கப்படுகிறதென்ற புகார் ஓயவில்லை. அந்தக் கேள்விக்கு ஊழியர் சொல்லும் ஒற்றைச் சொல்லில் ஒரு நெசவாளியின் அடுப்பு இருக்கிறது. தவறாகச் சொன்னால் தொழிலுக்குத் துரோகம், உள்ளபடி சொன்னால் தன் வேலைக்கு ஆபத்து. ஒரு நாவலுக்கு இதைவிடக் கரு வேண்டுமா? எம்.வி. வெங்கட்ராம் 'வேள்வித் தீ'யில் கும்பகோணத்துப் பட்டு நெசவாளரைப் படைத்தார். ஜரிகை வாணிகத்தில் தாமே ஈடுபட்டிருந்த அனுபவம் அவருக்குத் துணை நின்றது. கடை மேசையைத் தன் அனுபவமாய் எழுதும் ஒருவருக்காக இலக்கியம் காத்திருக்கிறது.

கேரளத்தில் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடினர். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021இல், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, ஊழியருக்கு இருக்கை கட்டாயமாயிற்று. 'அங்காடித் தெரு' வந்து பதினோர் ஆண்டுகள் கழித்து! சட்டத்துக்கும் படத்துக்கும் நேர்த்தொடர்பு கற்பிக்க நாம் துணியவில்லை. ஆனால் அந்த முக்காலி போடப்பட்டிருக்கிறதா, போடப்பட்டிருந்தால் கூட்டமுள்ள முகூர்த்த நாளில் அதில் அமரும் துணிவு அப்பெண்ணுக்கு உண்டா என்று பார்க்கும் கண்ணை, குறைகளோடேனும், அப்படமே நமக்குத் தந்தது.